ஹியூமன் நேச்சர் என்றொரு வரி

அப்பா சிவசம்பு இறந்த முப்பத்தோராம் நாளுக்கு, அவர் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அது இல்லாமல் காரியம் முடியாது. தேவாரம், வம்ச வரிசை, பிள்ளைகளின் பக்கம் எல்லாம் அதில் இருக்கும். மகளின் பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதும் வேலை கௌசலாவின் தலையில் விழுந்தது. நாவல் நாவலாகப் படிப்பவள் அவள்தானே என்று அண்ணன் ஜெயந்திரன் முடித்துவிட்டான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா கெட்டவர் இல்லை. வீட்டில் இருந்தார், அவ்வளவுதான். அவர் போனதிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது நெஞ்சு. தொட்டால் தெரிந்தது, உறைக்கவில்லை.

'நான் தவிக்கிறேன்' என்று எழுதினாள். அழித்தாள். 'நான் ஏங்குகிறேன்.' அதையும் அழித்தாள். பிறகு ஒரு வரி தானாக வந்தது: இழந்தவர்களுக்காக அழுவது ஹியூமன் நேச்சர். அதில் 'நான்' இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் போய் நின்றுகொண்டதுபோல் நிம்மதியாக இருந்தது.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"டாப் லா, தங்கச்சி. ஹியூமன் நேச்சராம்! சொந்தக்காரங்க அசந்துடுவாங்க. சபையில நீயே வாசி."

"நான் வாசிக்கணுமா?"

"பின்னே? நான் வாசிச்சா எவன் அழுவான்?"

பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அவன் குளிக்கப் போனான்.

அம்மா மேசையில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை எழுதினனீ? தமிழில சொல்லு."

"இழந்தவங்களுக்காக அழுறது மனுஷ இயல்புன்னு."

அம்மாவின் விரல்கள் நின்றன. "எல்லா மனுஷருக்குமோ?"

"பொதுவா அப்படித்தான் எழுதுவாங்கம்மா."

"அப்ப நான்?"

பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். "எனக்கு அழுகை வரேல்லை. செத்தவீட்டில சேலைத் தலைப்பால முகத்தை மூடிக்கொண்டு இருந்தனான். அழுறன் எண்டு எல்லாரும் நினைச்சினம்."

தான் எழுதிய வரி அம்மாவை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது என்று கௌசலாவுக்கு விளங்கியது. அம்மாவுக்குப் பக்கத்தில் தன்னையும்.

அச்சகத்துக்குப் போன் போட்டாள். "வாசு அண்ணே, என் பக்கத்தில அந்த ஹியூமன் நேச்சர் வரியை எடுத்துடுங்க."

"அதை எடுத்தா என்னம்மா இருக்கு? பேரு, தேதி, ரயில்வேயில வேலை செஞ்சாரு. பக்கம் மொட்டையா நிக்கும்."

"நிக்கட்டும் அண்ணே."

"ஒரு ரோஜாப்பூ படம் போடவா? அழகா இருக்கும்."

"வேணாம்."

துண்டோடு வந்த ஜெயந்திரனின் காதில் கடைசிப் பேச்சு விழுந்துவிட்டது. "பைத்தியமா உனக்கு? அப்ப சபையில என்னத்தை வாசிப்ப?"

"பேரு, தேதி, வேலை."

"கண்ணுல தண்ணி வராம அதை வாசிச்சா சனம் என்ன சொல்லும்?"

"அழலைன்னு சொல்லும்," என்றாள் கௌசலா.