ராகு காலத்துக்குள் ஒரு போர்ட்

நான்கு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு முதல் ஆறு வரை.

எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று சிங்காநல்லூரில், இன்னொன்று சரவணம்பட்டியில். ஸ்கேன் படங்கள் இரண்டு இடத்திலும் சேமிப்பில் இருக்கும். நடுவில் சாலைக்கு அடியில் போகும் கேபிள்கள் வாடகைக்கு எடுத்தவை. வெளியாள் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ஷன் போட வேண்டும். கேபிளில் இடம் போதவில்லை, அதனால் தகவலைச் சுருக்கி அனுப்பக் கம்ப்ரஷனும் வேண்டும். இரண்டையும் இரு முனைகளிலும் நெட்வொர்க் சுவிட்சில் இந்தக் கேபிள் வந்து செருகும் போர்ட்டில் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். ஒரு முனையில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு வராது.

திட்டத்தை எழுதியது நான். இயற்பியல் படித்துவிட்டு இங்கே சேர்ந்தவள். கூட்டங்களில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மோகன்குமார் சார் படித்துவிட்டு, "சென்னைல இருந்து ஆள் எதுக்கு? பிரவீனாவே செய்யட்டும்" என்றார். முதல் கேபிள் சரியாக வந்தால் மற்றவையும் எனக்கு. இல்லையென்றால் சென்னைக்காரர்களுக்கு.

சிங்காநல்லூரில் நானும் சாரும், சரவணம்பட்டி முனையில் கதிர் அண்ணன், ஃபோன் ஸ்பீக்கரில். இரு முனைகளிலும் பழைய அமைப்பைப் பதிந்து வைத்து முடிக்கவே மணி நாலைத் தாண்டியிருந்தது.

"அம்மணி, சோறு தின்னீங்களா?"

"ஆச்சுங்கண்ணா. போர்ட்டை நிறுத்திட்டீங்களா?"

"அப்பவே நிறுத்திப்போட்டேனுங்க."

சார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஆன் பண்ணிப்போடணும்."

"ஏனுங்க சார், சுவிட்சுக்கு ராகு காலமெல்லாந் தெரியுங்களா?" என்றார் கதிர் அண்ணன்.

"சுவிட்சுக்குத் தெரியாதுடா. எங்கூட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். போன தடவ சர்வர் படுத்தப்ப, எந்த நேரத்துல ஆரம்பிச்சீங்கன்னுதான் மொதக் கேள்வி."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் முனையில் இரண்டையும் போட்டு முடித்திருந்தேன்.

"என்கிரிப்ஷன் போட்டாச்சுங்க அம்மணி."

"அடுத்துங்கண்ணா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் சார் மேசையைத் தட்டினார். "ரெண்டு நிமிசந்தான் இருக்குது. கதிரு, ஆன் பண்ணு!"

"அது வந்துங்க சார்..." என்று இழுத்தார் கதிர் அண்ணன். பிறகு, "செரிங்க சார்."

நானும் ஆன் செய்தேன். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது. இரு முனைகளும் ஒத்துப்போகவில்லை என்று திரையில் வந்தது.

"என்னாச்சு கண்ணு?"

"இங்க ரெண்டும் போட்டிருக்குதுங்க சார்." அது உண்மைதான். ஆனால் முழுசும் இல்லை.

"கதிரு, அங்க?"

"பாத்துட்டிருக்கறேனுங்க சார்."

பார்க்க அங்கே ஒன்றுமில்லை. என்ன விட்டுப்போனது என்று கதிர் அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சார் முன்னால் எப்படிச் சொல்வது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை. சரிசெய்யப் போர்ட்டை மறுபடி நிறுத்த வேண்டும். அதற்குச் சார் சரி என்று சொல்ல வேண்டும்.

"ஆறு மணி வரைக்கும் புதுசா ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க," என்றார் சார்.

"ஆறு மணிக்கு நேரம் முடிஞ்சுருமுங்க சார்."

"அப்பப் பழையபடி மாத்திப்போடுங்க. எடுக்கறதுக்கு ராகு காலம் பாக்க வேண்டியதில்ல. சென்னைக்கே சொல்லிர்றேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்காக வருத்தப்படுவது முகத்தில் தெரிந்தது. தன் கைபேசியில் சென்னை எண்ணைத் தேடத் தொடங்கினார். என் கை விசைப்பலகையில் இருந்தது. பழைய அமைப்புக்குத் திரும்ப ஒரு வரி அடித்தால் போதும்.

"அம்மணி," ஸ்பீக்கரில் கதிர் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார், சாருக்குக் கேட்காது என்பதுபோல. "நீங்க சொன்னாச் சார் கேட்டுக்குவாருங்க."

"என்னத்தடா சொல்றது?" என்றார் சார்.

"இல்லீங்க சார், அம்மணி சொல்லுமுங்க."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தேன். காது சுட்டது.

"சார், சென்னைக்கு வேண்டாங்க. புதுசா எதும் ஆரம்பிக்கவும் வேண்டாங்க. பாதில விட்டத முடிச்சாப் போதும்."

"எது பாதில நிக்குது?"

"கதிரண்ணன் கம்ப்ரஷன் போடறதுக்கு முன்னாடியே நீங்க ஆன் பண்ணச் சொல்லிட்டீங்க சார்."