இரண்டு டிகிரித் திருத்தம்

தெகு நகரத்துச் சந்தையில் இருபத்தேழு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். மீன்காரியின் தராசில் பத்து கிராம் குறைந்தாலும் அபராதம் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஓக் கி-சோல் ஓய்வு பெற்று ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கினால் சும்மா வளர்ப்பானா? எங்கள் அடுக்குமாடி வீட்டில் கண்ணாடி அடைத்த பால்கனி உண்டு. அதில், என் மனைவி யோன்-சுக் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் தனி ஃபிரிட்ஜுக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, ஆறடிக்கு மூன்றடி இடம் எனக்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு 'குளிர்கால ஆய்வுக்கூடம்' என்று பெயர் வைத்தேன். யோன்-சுக் கடைசிவரை அதைப் பால்கனி என்றுதான் சொன்னாள்.

எங்கள் மலை ஆர்க்கிட்டுக்குக் குளிர் வேண்டும். குளிர் கிடைக்காவிட்டால் மார்ச்சில் பூக்காது. ஆனால் உறைந்தும் போகக் கூடாது. ஒன்றிலிருந்து ஐந்து டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஆர்க்கிட் சங்கத்தில் நான் நடத்திய சொற்பொழிவின் சாரம். தலைப்பு, 'துல்லியமே அன்பு'. தலைப்பும் என்னுடையதுதான்.

அந்தச் சொற்பொழிவை நம்பியவர் சன்வூ மியோங்-ஜா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சூப்புக் கடை வைத்திருப்பவர். மகளுக்குப் பிரசவம் என்று நாற்பது நாள் புசானுக்குப் போக வேண்டியிருந்தது. ஜனவரியில் ஒரு தொட்டியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி எடுத்து வந்தார்.

"ஏழு வருஷமா வெறும் இலைதான் சார் காட்டுச்சு. இந்த வருஷம்தான் ஒரே ஒரு மொட்டு. மார்ச் எட்டாந்தேதி கண்காட்சிக்குப் பேர் குடுத்துட்டேன்."

"இதுவரைக்கும் எதுல டிகிரி பாத்தீங்க?"

"கண்ணாடில கன்னத்த வெச்சுப் பாப்பேன். ரொம்ப ஜில்லுன்னா ஜன்னல மூடுவேன்."

"கன்னமா! அம்மா, கன்னத்துல கோடு போட்டிருக்கா?"

"நெறையவே இருக்கு சார். வயசாகுதுல்ல."

நான் சிரிக்கவில்லை. அறிவியலில் சிரிப்புக்கு இடமில்லை.

மூன்று வேறு கம்பெனிகளின் தெர்மாமீட்டர் ஆறு வாங்கினேன். வெயில் நேராக விழும் இடத்தில் தொங்கவிட்டால் அது காற்றை அளக்காது, தன் சூட்டையே அளக்கும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வெள்ளை அட்டையில் குடை செய்தேன். எல்லாவற்றையும் இலை மட்டத்தில் வைத்தேன். காற்றோட்டத்துக்குச் சின்ன விசிறி. இதுவரை எல்லாம் சரி. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

தெர்மாமீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஐஸும் தண்ணீரும் கலந்த கலவையில் அதன் முனையை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்கள் ஐஸ் தட்டில் யோன்-சுக் நெத்திலியைக் கொட்டி வைத்திருந்தாள். ஆனால் கிம்ச்சி ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு ஜாடி நிறைய டோங்சிமி என்ற தண்ணீர்க் கிம்ச்சி இருந்தது. முள்ளங்கித் துண்டுகள் மிதக்கும் அந்தத் தண்ணீரில் குளிர்காலத்துக்கே உரிய மெல்லிய ஐஸ் பொடிப் பொடியாகச் சலசலத்தது. ஐஸும் தண்ணீரும்! இயற்கையே எனக்காகத் தயாரித்து வைத்த பூஜ்யம்!

ஆறையும் அமிழ்த்தினேன். ஆறும் மைனஸ் இரண்டு என்றன.

மூன்று கம்பெனிகளின் ஆறு சாட்சிகள் ஒரே வார்த்தை சொன்னால், சாதாரண மனிதன் அவர்களை நம்புவான். நான் ஆறு பேரும் பொய் சொல்வதாகத் தீர்ப்பளித்தேன். ஒவ்வொன்றிலும் 'இரண்டு டிகிரி கூட்டவும்' என்று சீட்டு ஒட்டினேன். மூன்று கம்பெனிகளுக்கும் கண்டனக் கடிதம் போட்டேன்.

அதன் பிறகு ஐந்து காட்டினால் ஏழு என்று பதிவேட்டில் எழுதினேன். ஏழு அதிகமல்லவா? ஜன்னலை இன்னும் நாலு விரல் திறந்தேன்.

"என்னங்க, கொடில துணியெல்லாம் வெறைச்சு நிக்குது. உங்க பனியன் தானா எறங்கி நடந்து வந்துரும் போல."

"ஒரு டிகிரி இருக்கு. பதிவேட்டுல பாரு."

"பனியனுக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

பிப்ரவரியில் ஒரு குளிர் அலை வந்தது. காலையில் தெர்மாமீட்டர் மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது காட்டியது. திருத்தத்தைக் கூட்டி, பூஜ்யத்துக்கு மேலே புள்ளி ஒன்று, உறையாது என்று நிம்மதியாக எழுதினேன். செடிக்குத் தெளிக்கும் குப்பியை எடுத்தேன். உள்ளே தண்ணீர் கட்டியாகியிருந்தது. சன்வூ அம்மாவின் மொட்டு, வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி தொங்கியது.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது.

"நம்ம ஊர்த் தண்ணில ஏதோ கோளாறு. பூஜ்யத்துக்கு மேலயே உறையுது," என்றேன் சாப்பாட்டு மேசையில்.

டோங்சிமியை அள்ளிக்கொண்டிருந்த யோன்-சுக் நிமிர்ந்தாள். "தெர்மாமீட்டர எதுல விட்டு சரி பாத்தீங்க?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் காட்டினேன்.

"இதுலயா? எம்புட்டு உப்பு போட்டிருக்கேன் தெரியுமா? உப்புத் தண்ணி எங்கயாவது பூஜ்யத்துல உறையுமா? பனி விழுந்தா ரோட்டுல எதுக்கு உப்பு கொட்டுறாங்க?" பிறகு கரண்டியைப் பார்த்தாள். "அய்யோ, அந்தக் குச்சி ஆறையும் இதுக்குள்ளயா விட்டீங்க? மூணு வாரமா இதத்தானே குடிச்சிட்டிருக்கோம்!"

நெத்திலியைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் ஐஸ் செய்தேன். உடைத்து, கலக்கி, முனைகளை வைத்தேன். ஆறும் பூஜ்யம் காட்டின. எங்கள் வீட்டில் அளவு தவறிய கருவி ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஓய்வூதியமும் வந்துகொண்டிருந்தது.

சன்வூ அம்மா திரும்பி வந்த அன்று இரண்டு பக்க அறிக்கை தயாராக வைத்திருந்தேன். 'எதிர்பாராத குளிர் அலையின் விளைவாக' என்று வாசிக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. மொட்டைத் தொட்டார். அது விரலோடு வந்துவிட்டது.

"ஏழு வருஷம் சார்," என்றார். அவ்வளவுதான்.

அறிக்கையை மடித்தேன். "குளிர் அலை இல்லம்மா. நான்தான். டோங்சிமில தெர்மாமீட்டர விட்டு, சரியா இருந்தத தப்புன்னு சொல்லி, ஜன்னலத் தொறந்து வெச்சேன்."

"டோங்சிமிலயா?"

"ஆமா."

"வேர் இருக்கா?"

"இருக்கு. வெள்ளையா, கெட்டியா இருக்கு."

"கண்காட்சில எனக்கு எடம் ஒதுக்கியாச்சு. காலியா விட மாட்டேன். செடிய வைக்கிறேன். பக்கத்துல நீங்க நிக்கணும். பூ எங்கன்னு யார் கேட்டாலும் இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லணும்."

மார்ச் எட்டாம் தேதி காலை பத்திலிருந்து, பூத்த செடிகளின் வரிசையில், பூக்காத ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் சொன்னேன். சங்கத் தலைவர் தன் உறவினர்களை அழைத்து வந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

மாலை ஐந்துக்கு சன்வூ அம்மா வந்து தொட்டியைத் துண்டில் சுற்றினார்.

"அடுத்த குளிர்காலத்துக்கு, வேணும்னா நான்..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் சார்," என்றார். "எங்க வீட்டுலயே இருக்கட்டும்."