கதவைத் திறந்தது யார்

"சுப்புராயன் கழுத்தில் முதல் வெட்டு விழுந்தபோது அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது" என்று ஆரோக்கிய அனிதா மைக்கில் சொன்னாள்.

எதிரே உட்கார்ந்திருந்த இளவரசு கையைத் தூக்கினான். "குக்கர் வேணாம் அனிதா. வெட்டுலயே ஆரம்பி. குக்கர் வந்து சேர்றதுக்குள்ள பாதிப் பேரு போயிடுவான்."

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில், வலைக்கடை ஒன்றின் மாடியறைதான் அவர்கள் ஸ்டுடியோ. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே காலேஜில் படித்தவர்கள். 'செங்குறி' என்று பெயர் வைத்து, வாரம் ஒரு கொலை வழக்கைச் சொல்லும் பாட்காஸ்ட் நடத்தினார்கள். அவன் பதிவை வெட்டி ஒட்டுவான், அவள் பேசுவாள்.

முதலில் அனிதா வணக்கம் சொல்லி, ஊரைச் சொல்லி, ஆட்களைச் சொல்லி, மெதுவாகத்தான் கொலைக்கு வருவாள். யார் எந்த இடத்தில் கேட்பதை விட்டுப் போகிறார்கள் என்று ஆப் ஒரு கோடு போட்டுக் காட்டியது. அவள் வணக்கம் முடிப்பதற்குள் அந்தக் கோடு தலைகுப்புற விழுந்திருந்தது. அன்றிலிருந்து இளவரசு ஒரு வழக்கம் கொண்டுவந்தான். ரத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும். கேள்வியில் விட வேண்டும். கேட்டவன் அடுத்த வாரம்வரை அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். அது பலித்தது. பஸ்ஸிலும் லாரியிலும் கடையிலும் அவள் குரல் ஒலிக்க ஆரம்பித்தது. கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பதில் அவளுக்கே ஒரு ருசி வந்துவிட்டது.

சுப்புராயன் சிதம்பரத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர். இரண்டு வேலைக்காரர்களை ஊர் பார்க்கச் செருப்பால் அடித்து விரட்டினார். சில நாள் கழித்து, பட்டப்பகலில், அந்த இருவரும் அவர் வீட்டுக்குள் வந்து கூடத்திலேயே அவரை வெட்டிப் போட்டார்கள். தப்பி ஓட முயன்றவரின் கால் நரம்பை அறுத்து, தவழ்ந்தவரின் முதுகில் வெட்டினார்கள். இருவரும் பிடிபட்டு ஜெயிலில் இருக்கிறார்கள். அது முடிந்த வழக்கு.

ஆனால் கதவு உடைக்கப்படவில்லை. அதை இளவரசு பிடித்துக்கொண்டான்.

உண்மையில் அதில் மர்மம் எதுவும் இல்லை. சுப்புராயனின் மனைவி வெண்மதியை அனிதா நேரில் போய்ப் பார்த்திருந்தாள். "மொதலாளி, மண்டி சாவி எங்கிட்டயே நின்னுப்போச்சி, குடுக்க வந்தன்னு அந்த ரெண்டு பேருல ஒருத்தன் வெளியேந்து கொரல் குடுத்தான். இவுருதான் எழுந்து போயி தொறந்தாரு. நான் அடுப்படில இருந்தன்" என்று வெண்மதி சொல்லியிருந்தார்.

"அத இந்த வாரமே சொல்லிடலாம்" என்றாள் அனிதா.

"சொன்னா ரெண்டாவது பகுதிய எவன் கேப்பான்? பதில அதுக்கு வெச்சிக்குவம்."

அனிதா ஒப்புக்கொண்டாள். கடைசி வரிகளை எழுதியதும் அவள்தான். 'தாழ்ப்பாள் உள்ளே இருந்தது. அது உடையவில்லை. வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். சுப்புராயன், அவர் மனைவி, மனைவியின் தம்பி.' மைக்கில் அதைப் படித்து, ஒரு மூச்சு நிறுத்தினாள். 'கதவைத் திறந்தது யார்?'

அந்தப் பகுதியை முன்பு எதையும் கேட்காத அளவு கூட்டம் கேட்டது. கமெண்டில் எல்லோரும் ஒரே பதில்தான் எழுதினார்கள். மச்சான்காரன்தான்.

இரண்டாவது பகுதி வருவதற்குள் வெண்மதியிடமிருந்து போன் வந்தது. "ஏம்மா, உங்கிட்டதான சொன்னன் அவுரே தொறந்தாருன்னு? எந்தம்பி ரோட்டுல நடக்க முடியல. அவன் ஸ்டாண்டுல வண்டி உட வர்றவன்லாம் கேக்கறான். என் கொழுந்தன் போன் பண்ணி என்ன அசிங்கமா பேசறான். நீ ஏன் இப்புடிப் பண்ண?"

அனிதா மறுநாள் காலையிலேயே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். வெண்மதியின் தம்பி ராஜாமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும், கல்யாணமாகாதவர். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டு, அவர் வாயாலேயே நடந்ததைப் பதிவு செய்து உடனே போட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். ரெக்கார்டரை ஆன் செய்து, வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றின் சீட்டில் வைத்தாள்.

"நான் மாடில தூங்கினு இருந்தம்மா" என்றார் ராஜாமணி. "எங்கக்கா கத்தற சத்தம் கேட்டு ஓடியாந்தன். வரும்போதே காலு வழுக்குச்சி. பாத்தா மாமா ரத்தம். மடில போட்டுனு உக்காந்திருந்தன். அந்த ஆளுதான் எனக்கு இந்த ஸ்டாண்டே வெச்சிக் குடுத்தாரு. என்னப் போயி..."

அவர் முடிக்கவில்லை. சந்து முனையிலிருந்து ஒருவன் வேகமாக வந்தான். கம்மாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஞானசேகரன், சுப்புராயனின் தம்பி. லாரி டிரைவர். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் கையால் வளர்ந்தவன். அந்தப் பகுதியை அவன் வண்டியில் போட்டுப் போட்டுக் கேட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. கையிலிருந்த மஞ்சள் பையை உதறினான். கொடுவாள் வெளியே வந்தது.

"வா மச்சான்" என்று ராஜாமணி எழுந்தார். அதற்குள் பார்த்துவிட்டார்.

"கதவத் தொறந்தது நீதானடா?"

முதல் வெட்டு தலைக்கு வந்தது. ராஜாமணி வலது கையைக் குறுக்கே நீட்டினார். கொடுவாள் மணிக்கட்டில் இறங்கி எலும்பில் மாட்டியது. ஞானசேகரன் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினான். கை தோலில் தொங்கியது. ராஜாமணிக்குக் கத்த வரவில்லை. பின்னால் சாய்ந்து வண்டிகள்மேல் விழுந்தார். வரிசை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. பெட்ரோல் ஒழுகியது. இரண்டாவது வெட்டு தோளைப் பிளந்தது.

இத்தனை வெட்டுகளைச் சொன்ன அனிதாவுக்கு வெட்டு விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. அது பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் வைத்ததுபோல இருந்தது. வெதுவெதுப்பாக ஏதோ அவள் முகத்தில் தெறித்தது.

"அவுரு இல்ல!" என்று அலறினாள். "சுப்புராயன்தான் தொறந்தாரு! சாவி குடுக்க வந்தன்னு கூப்புட்டான், அவுரே போயி தொறந்தாரு! இவுரு மாடில இருந்தாரு!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஞானசேகரன் திரும்பினான். அவள் முகத்தை அவன் பார்த்ததே இல்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டான்.

"நீதான அது?"

அவள் ஒரு அடி பின்வாங்கினாள்.

"உனக்குத் தெரியுமா? அப்பவே தெரியுமா?" அவன் கேட்டது கெஞ்சுவதுபோல இருந்தது. "அப்பறம் ஏன் சொல்லாம உட்ட?"

"அடுத்த வாரம்... சொல்றதா இருந்தம்."

அவன் முகம் கோணியது. அழப்போகிறான் என்றுதான் நினைத்தாள். கொடுவாளோடு அவள்மேல் பாய்ந்தான். கீழே கிடந்த ராஜாமணி மிச்சமிருந்த கையால் அவன் கணுக்காலைப் பிடித்தார். பிடி ரத்தத்தில் வழுக்கினாலும் அவன் நிலைதடுமாறினான். வெட்டு அனிதாவின் துப்பட்டாவைக் கிழித்துக்கொண்டு ஒரு வண்டியின் டேங்கில் இறங்கியது.

அதற்குள் ஆட்டோக்காரர்கள் வந்துவிட்டார்கள். இரும்புக் கம்பியால் அவன் முழங்கையில் ஒருவன் போட்டான். கொடுவாள் விழுந்தது. அவன் விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. முகத்தில் மிதித்தார்கள். பல் சிதறியது. பாட்காஸ்ட்டைக் கேட்டிருந்த ஒருவன், "கதவத் தொறந்தவன விட்டுட்டு இவன ஏன்டா அடிக்கிறீங்க?" என்று குறுக்கே வந்து தானும் அடிவாங்கினான். அனிதா ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து இழுத்தாள். போலீஸ் ஜீப் வந்த பிறகுதான் கூட்டம் விலகியது.

ராஜாமணியை அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் நின்றது. வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வெண்மதி வார்டு வாசலில் அனிதாவைப் பார்த்ததும் அறைந்தார். மீண்டும் அறைந்தார். அனிதா கன்னத்தை விலக்காமல் நின்றாள். நர்ஸ் ஒருத்திதான் பிடித்து விலக்கினாள்.

சாயங்காலம் இளவரசு பைக்கில் வந்து சேர்ந்தான். "உனக்கு அடி ஒண்ணும் படலயே?" என்று கேட்டான். தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். அவள் குடித்து முடித்ததும், "ரெக்கார்டர் ஆன்ல இருந்துச்சா?" என்றான்.

"இருந்துச்சி."

"எல்லாமேவா?" அவன் குரல் தானாகத் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காத. அந்த வண்டிங்க சரியற சத்தத்துல ஆரம்பிச்சி, உன் அலறல்ல கட் பண்ணிட்டு..."

ரெக்கார்டர் அனிதாவின் கையில்தான் இருந்தது. அதன் விளிம்பு அவன் புருவத்தில் பட்டுக் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கிய பிறகுதான் தான் அடித்ததே அவளுக்குத் தெரிந்தது. அவன் சுவரில் சாய்ந்து கண்ணைப் பொத்தினான். அவள் மறுபடியும் ஓங்கியிருந்தாள். அந்தக் கையைப் பார்த்துப் பயந்துபோய் இறக்கினாள். நேராக ஸ்டேஷனுக்குப் போய் ரெக்கார்டரை இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள்.

கடலூர் திரும்பியதும் தனியாக உட்கார்ந்து ஒரு சின்னப் பகுதி பதிவு செய்தாள். கதவைத் திறந்தவர் சுப்புராயன் என்று முதல் வரியிலேயே சொன்னாள். தனக்கு அது முன்பே தெரியும் என்பதை அதில் சொல்லவில்லை. வெட்டுச் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்ததால் அதைத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கேட்டார்கள். கோடு கடைசிவரை இறங்கவே இல்லை. அதைப் பார்த்ததும் ஆப்பை மூடினாள். செங்குறியை அத்தோடு நிறுத்திவிட்டாள்.

வழக்கு சிதம்பரம் கோர்ட்டுக்கு வந்தபோது அனிதா முக்கிய சாட்சி. முந்தின நாள் இளவரசு போன் செய்தான். புருவத் தழும்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பதில் தெரியுமான்னு கேப்பாங்க. அப்ப தெரியாது, பின்னாடிதான் தெரிஞ்சிதுன்னு சொல்லிடு. ரெக்கார்டர்ல இருக்கறது பயத்துல ஒளறுனதுன்னுடு. இல்லன்னா நம்ம ரெண்டு பேரு மேலயும் கேசு வரும்" என்றான்.

கோர்ட் வராந்தாவில் ஞானசேகரனின் மனைவி தமிழ்ச்செல்வி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அனிதாவை உற்றுப் பார்த்தாள்.

"அவரு வெட்னாரு. உள்ள இருக்காரு. செரி" என்றாள். "உன்ன எதுலம்மா சேத்துருக்காங்க?"

"சாட்சின்னு."

"சாட்சியா?" தமிழ்ச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ரெக்கார்டரைப் போட்டுக் காட்டினார்கள். வண்டிகள் சரிந்தன. 'அப்பறம் ஏன் சொல்லாம உட்ட?' என்று ஞானசேகரனின் குரல் கேட்டது. கூண்டில் நின்ற ஞானசேகரன், உடைந்து கோணலாகச் சேர்ந்த தாடையோடு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தரப்பு வக்கீல் எழுந்தார். "கதவைத் திறந்தது யார்னு ஊரையே கேட்டீங்க. கேட்டப்ப உங்களுக்குப் பதில் தெரியுமா, தெரியாதா?"

அனிதா முன்வரிசையில் இருந்த ராஜாமணியைப் பார்த்தாள். மடித்து ஊக்குக் குத்திய சட்டைக் கையைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "தெரிஞ்சிதான் கேட்டன். நான்தான் எழுதினன்."

ஞானசேகரனுக்குத் தண்டனை கொஞ்சம் குறைந்தது. அனிதாவையும் இளவரசையும் தனியாக விசாரிக்கப் போலீசுக்கு உத்தரவானது. தீர்ப்பு சொன்ன அன்று ஞானசேகரனை வெளியே கூட்டிவந்தபோது, அவன் ராஜாமணி முன்னால் நின்றுவிட்டான். விலங்குக் கையோடு தரையில் விழுந்தான்.

"மச்சான்..."

"எழுந்துரு" என்றார் ராஜாமணி. "எழுந்து போயிடு. எம் மூஞ்சில முழிக்காத." போலீஸ்காரர்கள் அவனைத் தூக்கி நிறுத்தி இழுத்துப்போனார்கள்.

அனிதா ஓரமாக நின்றிருந்தாள். தன் உயிரைக் காப்பாற்றியவரிடம் ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள். ராஜாமணி அவள் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"நீயும் போ பாப்பா. உன் கொரல என்னால கேக்க முடியல."

அவள் தலையாட்டிவிட்டு, பேசாமல் படியிறங்கிப் போனாள்.