தாணம்மாளுக்கு வராத மஞ்சக் கடுதாசி

மேல்புறம் கிராமத்தில் பாதிப் பேருக்கு மஞ்சக் கடுதாசி வந்துவிட்டது, தாணம்மாளுக்கு மட்டும் வரவில்லை. உரக்கடைக்காரருக்கு வந்தது. டிராக்டர்காரருக்கு வந்தது. எட்டாயிரம் கொடுத்துவிட்டு எட்டு லட்சம் கொடுத்த தோரணையில் நடக்கும் டீக்கடை ரெஜிலாவுக்குக்கூட வந்தது. பொன்னுலிங்கம் கடனை அடைக்க வழியில்லாமல் குழித்துறை கோர்ட்டில் திவால் மனு போட்டிருக்கிறான், கடன் கொடுத்தவர்கள் வியாழக்கிழமை வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லலாம் என்று அதில் எழுதியிருந்தது.

பொன்னுலிங்கம் தாணம்மாளுடைய கணவனின் தம்பி. கணவன் இறந்து ஐந்து வருஷம் ஆகியும் கொழுந்தன் உறவு விட்டுப்போகவில்லை; அவனுக்கு அவள் இன்றும் மைனிதான். முந்தின வருஷம் காற்றில் வாழையெல்லாம் ஒடிந்து கடனில் விழுந்தவன், மறுபடியும் நிலத்தைப் பாட்டக் குத்தகைக்கு எடுத்து, நேந்திரம் என்கிற ஏத்தன் வாழை வைக்கப் பணமில்லாமல் நின்றபோது, ஆறு பவன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவளே தாணம்மாள்தான்.

சங்கிலி போனதுகூட அவளுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. பட்டியலில் தன் பெயர் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ரெஜிலாவுக்க காசு காசு, எனக்க சங்கிலி மட்டும் கவரிங்கா?" என்று தையல் மெஷினைப் பார்த்துக் கேட்டாள். வியாழக்கிழமை தையல் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினாள்.

கோர்ட்டு வராந்தாவில் பொன்னுலிங்கம் நாலு நாள் தாடியோடு நின்றான். அவளைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். அவனுடைய வக்கீல் பிரதீஷ்தான் ஓடிவந்தார். சின்ன வயசு, பேச்சில் பதற்றம்.

"அம்மா, இன்னைக்கு நீங்க ஒண்ணும் பேசாண்டாம். ஓணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. தோட்டத்துல ஆயிரத்தி ஐந்நூறு வாழக்குலை வெட்டுக்கு ரெடி. திருவனந்தபுரத்துக்கு ஏத்திவிட்டா பாதிக் கடன் தீரும், மிச்சத்துக்கு எல்லாரும் பொறுப்பாங்க, இந்த மனுவே வேண்டாம்னு வைக்கலாம். ஆனா கடன் குடுத்த பைனான்ஸ்காரங்க இன்னைக்கே ரிசீவரப் போடணும்னு கேக்காங்க. ரிசீவர் வந்தா தோட்டம் கோர்ட்டுக்க கையில. ஏலம் விட்டு முடியும்போ ஓணம் கழிஞ்சு, பழம் அழுகிரும். எங்களுக்கு ஒரு மாசம் வாய்தா கிடைச்சா போதும்."

தாணம்மாளுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனாலும் பேர் விஷயத்தில் இளகவில்லை.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பைனான்ஸ் வக்கீல் பெரிய ஆள், நரைத்த மீசை; கால் மணி நேரம் பேசினார். பிரதீஷ் வாய்தா கேட்டார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கடன் கொடுத்தவங்க வேற யாராவது சொல்லணுமா?" என்றார்.

யோசிக்கும் முன்னே தாணம்மாள் எழுந்துவிட்டாள். "எனக்கும் தரணும் அம்மா. ஆறு பவன். எனக்க பேரு பட்டியல்ல இல்ல."

பிரதீஷ் கண்ணை மூடிக்கொண்டார். மீசைக்காரர் துள்ளி எழுந்தார். "சொந்தக்காரங்க கடனை மறைச்சிருக்கார். இன்னும் எதையெல்லாம் மறைச்சாரோ. ரிசீவரை இன்னைக்கே போடணும்."

அப்போதுதான் தாணம்மாளுக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. கேட்டது நியாயம்தான், கேட்ட நேரம்தான் தப்பு.

நீதிபதி பொன்னுலிங்கத்தைக் கூண்டுக்கு அழைத்துக் கேட்டார். "ஏன் எழுதல?"

அவன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் மரிச்சப்ப, மைனிய நான் பாத்துக்கிடுவேன்னு சொல்லியிருந்தேன் அம்மா. ஊருக்கெல்லாம் கைய விரிச்சாச்சு. மைனிக்கிட்டயும் விரிக்க மனசு வரல்ல. கூலி வேல பாத்தாவது அவங்களுக்குக் குடுத்துருவேன்னு எழுதாம விட்டேன்."

பத்து நாளாகச் சேர்த்துவைத்த கோபமெல்லாம் தாணம்மாளுக்கு ஒரு நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. மடையன், இதை வீட்டு வாசலில் வந்து சொல்லியிருந்தால் அவள் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டாளே.

"நல்ல எண்ணம் இருக்கலாம், ஆனா சட்டத்துல அதுக்கு இடமில்ல," என்றார் நீதிபதி. "ஒருத்தரை மட்டும் தனியா வைக்க முடியாது. பட்டியலைத் திருத்துங்க. இந்த அம்மாவுக்கும் நோட்டீஸ் போகணும். அது போகாம ரிசீவர் மனுவையும் நான் கேட்க முடியாது."

மீசைக்காரர் விடவில்லை. "அவங்க இங்கதானே நிக்காங்க. கையிலேயே கொடுத்துட்டா மத்தியானமே விசாரிச்சிரலாம்."

"இப்பவே வாங்கிக்கிறீங்களா அம்மா? உங்க இஷ்டம்தான்," என்றார் நீதிபதி.

எந்தக் காகிதத்துக்காக வந்தாளோ, அது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. தாணம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் விசாரித்தால் சாயங்காலம் தோட்டம் போய்விடும் என்பது தையல்காரிக்கும் தெரியும்.

"வேண்டாம் அம்மா," என்றாள். "மத்தவங்களுக்கெல்லாம் தபால்லதான வந்துச்சு? எனக்கும் தபால்லயே வரட்டும். நான் நிதானமா வாசிச்சி, ஒரு வக்கீலுக்கிட்ட கேட்டுட்டுத்தான் பேசுவேன். அதுக்கு எனக்குப் பாத்தியதை உண்டுல்லா?"

நீதிபதியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "உண்டு," என்றார். வழக்கை ஓணம் கழிந்து இரண்டாவது வாரத்துக்கு ஒத்திவைத்தார். அதற்குள் குலை விற்று வரும் பணத்தைக் கோர்ட்டில் கட்டிக் கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதச் சொன்னார். மீசைக்காரர் கேஸ் கட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் பொன்னுலிங்கம் அவள் முன்னால் வந்து நின்றான். "மைனி..." என்றான், அழுகை வந்துவிட்டது.

"அழாத மக்கா. எனக்கும் உனக்கும் உள்ளத பொறவு பேசிக்கிடலாம். மொதல்ல திருவனந்தபுரத்து யாபாரிக்கு போனப் போடு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டான். "நாளைக்குக் காலையில வண்டி அனுப்புங்க. ஆமா, ஏத்தன்தான்." அந்தப் பக்கம் எத்தனை குலை என்று கேட்டிருக்க வேண்டும். இத்தனை மாதமாக எதையும் உறுதியாகச் சொல்லிப் பழக்கமில்லாத பொன்னுலிங்கம் போனைக் காதில் வைத்தபடி அவளைப் பார்த்தான்.

"முழுசும்னு சொல்லுலே," என்றாள் தாணம்மாள்.

"முழுசும்," என்றான் அவன்.