இடது ஓரம்

நஞ்சுண்டன், தணிகைவேலன், ஜெபசீலியக்கா, நான், நால்வரும் ஒரே லென்ஸ் விளக்கின் கீழே குனிந்திருக்கிறோம், இல்லை, அக்கா குனியவில்லை, அவள் தன் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் துணியால் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள், கனவில்தான் அவள் தலையும் வந்து எங்கள் தலைகளோடு முட்டுகிறது, விளக்கின் கீழே சர்க்யூட் போர்டின் இடது ஓரம், ஈயம் பளபளக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்துச் சொரசொரவென்று இருக்கிறது, டிரை சால்டர், ஈயம் சரியா பிடிக்கல, என்கிறார் நஞ்சுண்டன், நாங்கள் செய்து அனுப்பும் போர்டை வாஷிங் மெஷினில் வைத்து விற்கும் கம்பெனியின் ஆள், ஓசூரிலிருந்து காலையில் வந்தவர், பாதி துவைச்சதும் மெஷின் நின்னுடுதுங்க, மேல ஒரு தட்டு தட்டுனா ஓடுது, ஜனங்க தட்டிக்கிட்டே துவைப்பாங்களா, சொல்லிக்கொண்டே மேசையைத் தட்டிக் காட்டுகிறார், எங்கள் சூப்பர்வைசர் தணிகைவேலன் என்னைப் பார்க்கிறான், இன்னாடா, எத்தினில வச்ச சூட்ட, எப்பவும் வைக்கிறதுதான் சார், அப்ப ஈயத்துக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சா.

உருகிய ஈயம் அலையாக எழும்பி நிற்க, அதன் மேல் போர்டுகள் ஊர்ந்து போகிற மெஷின் அது, அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அலையைத் தொடுமுன் போர்டு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டியது போல நடிக்கும், ஈயம் பிடிக்கப் போர்டில் பூசும் பிசினின் புகை மெஷினின் வாயிலிருந்து வந்துகொண்டேயிருக்கும், அந்த வாயருகேதான் அக்காவின் ஸ்டூல், போர்டுகளை உள்ளே தள்ளுகிறவள் அவள், புகையில் அவளுக்கு நெஞ்சு இழுக்கும், அதனால் இடது கைப்பக்கத்துக் கதவை ஓர் ஈயக் கட்டியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருப்பாள், இந்தக் கதவு இருக்கப்போயித்தான் தம்பி நா இங்க இருக்கேன், இல்லன்னா தூத்துக்குடிக்கே போயிருவேன், அங்க போயி எதத் திங்க, என்பாள், வெளியாள் வந்தால் மட்டும் சாத்திவிடுவோம், தூசி வருதே என்று யாரும் கேட்டுவிடக் கூடாது, அது எங்கள் பழக்கம், யாரும் சொல்லாமலே கை போய்ச் சாத்தும், அன்றைக்கும் சாத்தியிருந்தோம், சாத்திய கதவுக்கு உள்ளேதான் நஞ்சுண்டன் சூடு அளக்கும் கம்பிகள் ஒட்டிய போர்டை மெஷினில் விட்டுப் பார்க்கிறார், கம்ப்யூட்டரில் சூட்டின் கோடு அழகாக ஏறுகிறது, அழகாக இறங்குகிறது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், நான் பிசினை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், ஈயத்தின் சூட்டைக் கூட்டினேன், இதெல்லாம் அன்றைக்கா, முந்தைய வாரமா, நைட் ஷிப்டும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று நானே விட்டு வந்த பிறகு பகல் தூக்கத்தில் கனவாகச் செய்கிறேனா, எப்போது விட்டாலும் கோடு அழகாகவே ஏறுகிறது.

மெஷின்ல தப்பில்லன்னா கைலதான் தப்பு, நாளைலேந்து இவன வர வேணான்னு சொல்லிடறேன் சார், என்றான் தணிகைவேலன், சூடு போதவில்லை என்று ஈயத்தின் முகத்திலேயே எழுதியிருக்கிறது, எங்கே குறைகிறதென்றுதான் தெரியவில்லை, அப்போது அக்கா எழுந்தாள், அளக்கும் போர்டு மறுபடி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அவள் யாரையும் கேட்காமல் போய்க் கதவைத் திறந்தாள், வெளிக்காற்று வந்து புகையைச் சாய்த்தது, இடது ஓரத்துக் கம்பியின் கோடு மட்டும் தொய்ந்து கீழே இறங்கிற்று, நஞ்சுண்டன் கோட்டைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார், இது தினமும் தொறந்துதான் இருக்குமாம்மா, இருக்கும் சார், இது இல்லாம எப்படி சார் நா இங்க உக்காருவேன், அவர் கெட்டவர் இல்லை, அவள் முகத்தைப் பார்க்காமல் தணிகைவேலனிடம் சொன்னார், கதவ மூடிடுங்க.

யக்கா, தெரிஞ்சா தொறந்தீங்க, என்று கேட்டேன், ஒனக்காவன்னு நெனச்சிக்கிடாதல, மூச்சு முட்டிச்சு, தொறந்தேன், என்றாள், சொல்லும்போது சிரித்தாள், அல்லது இழுப்பு அவள் வாயை அப்படிக் கோணவைத்தது, இரண்டும் அவள் முகத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், காலையிலிருந்து அடைத்த கதவுக்குள் இருமியவள்தானே, அதுவும் சரி, ஆனால் என்னை வர வேண்டாம் என்றதும்தானே எழுந்தாள், அதுவும் சரி, அவங்கள வேற எடத்துல போடுங்க சார், என்று நான் சொன்னேன், சொன்னதாகத்தான் நினைக்கிறேன், எடம் இன்னா என் பாக்கெட்லயா கீது, என்றான் தணிகைவேலன், பிறகு வந்த போர்டுகளில் ஈயம் கண்ணாடியாகப் பளபளத்தது, நஞ்சுண்டன் என் தோளில் தட்டிக்கொடுத்தார், ஷிப்டு முடியும் வரை நான் முன்வாசலையே பார்த்திருந்தேன், அக்கா வரவில்லை, அதற்கு முன்னால், இல்லை, இப்போதுதான், அக்கா வெளியே வெயிலில் இறங்கி இடுப்பில் கையூன்றி மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாள், தணிகைவேலன் ஈயக் கட்டியைக் காலால் ஒதுக்குகிறான், எக்கா, முன்வாசலா சுத்திகினு வா, என்கிறான், அவள் திரும்பவில்லை, கையில் சாப்பாட்டுப் பை இருந்ததா என்று எட்டிப் பார்க்கிறேன், அதற்குள் கதவு சாத்திக்கொள்கிறது, அவன் பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்க்கிறான்.