ஓரடித் தொய்வு

காலை ஒன்பது மணிக்கு ஓடவிட்ட ஸ்கிரிப்ட், மத்தியானம் இரண்டரைக்கு ஒன்பதாவது வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு வீடு. ஐந்து மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். இந்த வேகத்தில் போனால் விடிந்துவிடும்.

"இன்னாம்மா இளவரசி, நவுருதா?" என்று கிருஷ்ணசாமி சார் பின்னால் வந்து நின்றார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் இருக்கும் இந்த டிராயிங் ஆபீஸ் அவருடையது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இதையே கேட்டார்.

"நீங்க பின்னால நின்னுக்கினு இருந்தா அது எப்டி சார் நவுரும்?" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் வாய் அவருக்குப் பழகிவிட்டது.

முப்பத்தெட்டு வீடும் எங்கள் இருளர் குடியிருப்பு, பெருநகர் கிராமம் தாண்டி ஏரிக்கரையோரம். ஒரு தொண்டு நிறுவனம் ஓலையை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டுத்தர ஒப்புக்கொண்டிருந்தது. போன வாரம் ட்ரோன் விட்டுப் படம் பிடித்தார்கள். கூரையின் இரண்டு பக்கமும் உச்சியில் சேர்கிற இடம் முகடு. அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படத்தின் புள்ளிகளிலிருந்து, வரைபடம் போடும் கேட் (CAD) சாஃப்ட்வேரில் கண்டுபிடிப்பதுதான் என் ஸ்கிரிப்ட். அதன் நீளத்தை வைத்துத்தான் கம்பெனியில் தகரம் வெட்டுவார்கள். பட்டியலில் கோடு இல்லாத வீட்டுக்குத் தகரம் இல்லை. ஐந்து மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், அதை விட்டால் அடுத்த வருஷம்தான். ஐப்பசி மழைக்கோ மூன்று வாரம்கூட இல்லை.

ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளியோடும் ஒப்பிடும்படி எழுதிவைத்திருந்தேன். பக்கத்துப் புள்ளிகளோடு மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று மாற்றினேன். வேகம் வந்தது. ஆனால் பதினோராவது வீட்டில் மறுபடி படுத்துக்கொண்டது. என்ன எழவு என்று பெரிதாக்கிப் பார்த்தால், அது வீடே இல்லை. சொர்ணவாரி நெல் அறுப்பு முடிந்து போட்ட வைக்கோல் போர்! அதற்கும் இரண்டு பக்கச் சரிவு, உச்சியில் ஒரு முகடு. ஒவ்வொரு துரும்பையும் ஒரு புள்ளியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சனியன். அப்படி நாலு போர் இருந்தன.

போரை எப்படி ஒதுக்குவது? யோசிக்க நேரமில்லை. வைக்கோல் அமுங்கினால் நடுவில் தொய்யும், வீட்டு முகடு தொய்யாது. முகடு நடுவில் ஓரடிக்கு மேல் தொய்ந்திருந்தால் அது வீடு இல்லை, விட்டுவிட்டு மேலே போ என்று ஒரே வரி எழுதினேன். ஓடவிட்டேன். ஆறே நிமிஷம்! எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு. சரியாக முப்பத்தெட்டு. நாலு பத்துக்கு அனுப்பிவிட்டோம்.

"கில்லாடிம்மா நீ" என்று சார் டீ சொல்லக் கீழே இறங்கினார்.

நான் பெருமையாக எங்கள் வீட்டைத் தேடினேன். முருங்கை மரத்துக்குத் தெற்கே. மரம் இருந்தது, தெற்கே கோடு இல்லை. வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். இருபத்திரண்டாம் எண்ணில் நின்றேன். அது நிலக்காரர் துரை அவர்களின் களத்துமேட்டில், ட்ரோன் வந்ததற்கு முதல் நாள்தான் போட்ட புதுப் போர். கைதேர்ந்த ஆள் போட்டது, முகடு நேராக நின்றது. அதை என் ஸ்கிரிப்ட் வீடு என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டைப் போர் என்று தள்ளியிருந்தது.

போன கார்த்திகைப் புயலில் எங்கள் முகட்டைத் தாங்கும் மோட்டு மூங்கில் நடுவில் முறிந்தது. மேலே தார்ப்பாய் போட்டு, அதன் கீழேதான் பத்து மாசமாக நானும் அம்மாவும் படுக்கிறோம். காலையில் கண் திறந்தால் முதலில் தெரிவது அந்தத் தொய்வுதான். அது தெரிந்தவள்தான் ஓரடி என்று எழுதினேன். ஊருக்கெல்லாம் கோடு போட்டுவிட்டுப் பெற்றவள் வீட்டை என் கையாலேயே அழித்திருக்கிறேன்.

டீயோடு வந்த சார் என் முகத்தைப் பார்த்ததுமே, பட்டியல் வாங்கிய தகரக் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கே பூஜா என்று ஒரு பெண் எடுத்தாள். ஐந்துக்குள் ஒரு வரியை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முகடு நேராக நிற்கிற போட்டோ, டேப் பிடித்து எடுத்தது, கூடவே வேண்டும் என்றாள்.

"ஒடைஞ்சதாலதானே மேடம் கூரையே கேக்கறோம்!" என்று கத்தினேன்.

"ரூல் அப்படிங்க, நான் என்ன பண்றது?" என்றாள் பாவம்.

மணி நாலு இருபத்தைந்து. அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுத் தேவியக்காவுக்குப் போன் போட்டேன். அவள் சித்தாள் வேலைக்குப் போகிறவள், வீட்டில் டேப் இருக்கும். அவள் வயலுக்கு ஓடி அம்மாவைக் கூட்டிவந்து போனைக் கொடுக்கும்போது நாலு முப்பத்தெட்டு.

"அம்மா, நான் தப்பு பண்ணிட்டேம்மா. நம்ம வூடு மட்டும் லிஸ்ட்ல இல்ல."

"அயுவாத. இன்னா செய்யணும், அத்தச் சொல்லு."

"உள்ள நின்னு ஒரு கம்பால மோட்டு மூங்கில நடுவுல நெம்பித் தூக்கு. நேரா நிக்கணும். தேவிக்கா டேப்பு வெச்சி போட்டோ எடுக்கட்டும். ஆடக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் எறக்காத."

"சரி, வெய்யி."

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அன்று எனக்கு மவுஸ்கூடப் பிடிபடவில்லை. நாலு நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. கோயிலுக்கே போகாத கிருஷ்ணசாமி சார் திருப்புட்குழிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். நான் யாரையும் வேண்டவில்லை. போனையே முறைத்துக்கொண்டிருந்தேன். வராவிட்டால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன், மழைக்கு அம்மாவை எங்கே படுக்கவைப்பேன் என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

நாலு ஐம்பத்தொன்றுக்குப் படம் வந்தது. கூடவே தேவியக்காவின் குரலும்: "கம்பு ஒண்ணும் எட்டல எளவரசி. உங்கம்மாவே ஏறிக் கையால தூக்கிப் புடிச்சிக்கினு கீது."

படத்தில் முகடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. கீழே, வாசல் இருட்டுக்குள், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் டிரம்மின் மேல் இரண்டு கால்கள் தெரிந்தன. வயல் சேறு இன்னும் காயவில்லை.

பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. படத்திலிருந்து புள்ளிகளைக் குறித்து ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்தேன். ஒரே நொடி. பதினாலு அடி நாலு அங்குலம், தொய்வு இல்லை, வீடு. இருபத்திரண்டாம் வரியில் துரை அவர்களின் போரை எடுத்துவிட்டு அம்மா பேர் முனியம்மாள் என்று போட்டேன். ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. "போயிடு, போயிடு, உன் கால்ல வுயறேன்" என்று மானிட்டரைப் பார்த்துக் கும்பிட்டேன். ஐம்பத்தெட்டுக்கு ஏற்கப்பட்டது என்று வந்தது.

மேசையில் தலையை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். பூஜாவே போன் செய்து, "வந்துடுச்சுங்க, முப்பத்தெட்டும் சரி" என்றாள். சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போதும்மா, கீபோர்டு நனையப்போவுது, அது என் துட்டு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்ச் சூடாக இன்னொரு டீ வாங்கிவந்தார். முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்த ஒற்றை வரியை ஸ்கிரிப்ட்டிலிருந்து முதலில் அழித்தேன்.

ஐந்து பத்து இருக்கும். டீயை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே வைத்துவிட்டேன். தேவியக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அம்மா எங்க?"

"எங்க போவும்? ட்ரம்மு மேலதான் கீது. கையி ரெண்டும் வெடவெடங்குது, எறங்குன்னா கேக்க மாட்டேங்குது. எளவரசி சொல்லட்டும்னுது."

அதற்குள் தூரத்திலிருந்து, மூச்சு வாங்க, அம்மாவின் குரல் கேட்டது.

"கேளுடி தேவி, எறக்கலாமான்னு கேளு."