கொடுக்கில்லாத ஈ

மூன்று வருஷமாக மாதம் தவறாமல் ஊசிக்காக ஏறிய ஆஸ்பத்திரிப் படிகளில், அன்று தேன்காரி கொட்டு வாங்குவதற்காக ஏறினாள்.

ஊசியில் இருந்ததும் தேனீயின் விஷம்தான். துளியிலும் துளியாகத் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டி உடம்பைப் பழக்கியிருந்தார்கள். பழகிவிட்டதா என்று பார்க்க இன்று உயிருள்ள தேனீ ஒன்று கையில் கொட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகாவிட்டால் அவள் தேன் பெட்டிகளிடம் திரும்பலாம். ஏதாவது ஆனால் அந்த ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். "உங்க பெட்டியிலேருந்தே ஒண்ணு பிடிச்சிட்டு வாங்க. எங்ககிட்ட ஈயெல்லாம் ஸ்டாக் இல்ல" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இருபத்திரண்டு வருஷம் வெறும் கையால் பெட்டி திறந்தவள் அவள். நாளைக்குப் பத்துக் கொட்டு வாங்கினாலும் கொடுக்கை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த தேனடைச் சட்டத்தைத் தூக்குவாள். கணவரோ முழங்கை வரை உறை மாட்டாமல் பெட்டிப் பக்கமே வரமாட்டார். அதனால் அவருக்கு உறைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் புருவத்தில் ஒரே ஒரு கொட்டு. முதலில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் உள்ளங்கால். நாக்கு தடித்து, பேச்சு குழறி, பெட்டிக்குப் பக்கத்திலேயே சரிந்தாள். உறைக்காரர் உறையைக்கூடக் கழற்றாமல் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார்.

அன்றிலிருந்து பன்னிரண்டு பெட்டிகளும் அவர் பொறுப்பு. துணியில் ஒட்டிய விஷத்தூள்கூட அவளுக்கு ஆகாதென்று கொட்டகையிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார். அவருடைய துண்டை அவள் திருட்டுத்தனமாக முகர்ந்து பார்ப்பாள். சோப்பு வாசனைதான் வரும். மூடியைத் தூக்கியதும் முகத்தில் வந்து மோதும் வெதுவெதுப்பும் மெழுகு வாசனையும் வலையடித்த சமையலறை ஜன்னலைத் தாண்டி வரவே இல்லை.

"இன்னிக்கு எப்படி இருந்துச்சுங்க?" என்று சாயங்காலந்தோறும் கேட்பாள்.

"நல்லா இருந்துச்சு."

"சத்தம் எப்படி?"

"ஈ சத்தம்தான். வேற ஆடா கத்தும்?"

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயராது.

அறையில் அவளைப் படுக்க வைத்து, ஒரு கையில் ரத்த அழுத்தப் பட்டையும் மறு கையில் சொட்டு மருந்துக் குழாயும் மாட்டினார்கள். அவசர மருந்தைத் தட்டில் எடுத்து வைத்த நர்ஸ், உறைக்காரர் ஈ பிடித்துக் கொண்டுவந்திருந்த ஜாடியைக் கண்டதும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். உறைக்காரர் அதை டாக்டரிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"நல்லாப் பெருசா இருக்கே" என்றார் டாக்டர்.

தேன்காரி பார்த்தாள். மழுங்கிய பின்புறம். உச்சந்தலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவு பெரிய கண்கள். சோம்பேறித்தனமான தடித்த ரீங்காரம். ஆண் ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. பொழுது சாயும்வரை கையில் வைத்து அழுத்தினாலும் கொட்டாது. தேன் பெட்டி வைத்திருக்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் சங்கதி இது.

"டாக்டர், இவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்."

ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு டாக்டரும் நர்ஸும் திரைக்கு அப்பால் போனார்கள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"இத வெச்சு என்ன பண்றதா உத்தேசம்?"

"கொட்டலன்னா இன்னொரு நாள் வரச் சொல்லுவாங்க."

"அன்னிக்கும் இவனையே கூட்டிட்டு வருவீங்க."

"ஆமா." அவர் ஜாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு கார்ல நீ மூச்சு இழுத்த சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது. உனக்கு மட்டுந்தான் காது இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்க."

அவள் தலையணையில் சற்று நிமிர்ந்தாள்.

"போன வருஷம் அஞ்சாம் பெட்டி செத்துப்போச்சு. நீங்க சொல்லல. காலிச் சட்டமெல்லாம் வெயில்ல காயறதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ராணி போன அன்னிக்கே அதுங்க சத்தம் மாறியிருக்கும். நான் அங்க இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேன். ஏன் சொல்லலன்னு உங்களைக் கேட்டேனா?"

"கேக்கல."

"இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கீழ வாசல்ல பூச்செடி இருக்கு. போய் கொட்டற வேலைக்காரி ஈ ஒண்ணைப் பிடிச்சிட்டு வாங்க."

அவர் போனார். தலையைத் திருப்பினால் ஜன்னல் தெரிந்தது. இங்கேயும் ஒரு ஜன்னல். ஐம்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் மஞ்சள் பூக்களுக்கு நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் பாய்ந்தும் கொண்டிருந்ததைக் காவலாளி வேடிக்கை பார்த்தார். திடீரென்று உறைக்காரர் கையை உதறினார். பிறகு மறுபடியும் குனிந்தார்.

திரும்பி வந்தபோது ஜாடிக்குள் ஒல்லியான பழுப்பு ஈ ஒன்று கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் புடைத்திருந்தது.

"முதல்ல பிடிச்சது என்னைப் பதம் பார்த்துடுச்சு. இது ரெண்டாவது."

"வெறும் கையாலயா?"

"ஆஸ்பத்திரிக்கு யாராவது உறை கொண்டு வருவாங்களா?"

கொடுக்கு இன்னும் விரலிலேயே இருந்தது. "தொடாத" என்று அவர் இழுத்துக்கொள்வதற்குள் அவள் அதை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டாள்.

டாக்டர் ஜாடியை அவள் முன்கையில் கவிழ்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு அருகில் அந்தக் குரல். பிறகு சுருக்கென்று பழைய வலி. நர்ஸ் மணியைக் குறித்துக்கொண்டு டாக்டரோடு திரைக்கு அப்பால் போனாள்.

"உள்ளங்கை அரிக்குதா?" என்று உறைக்காரர் கேட்டார்.

"இல்ல."

"இப்ப?" ஒன்றரை மணி நேரமாக இதே கேள்வி.

"கொஞ்சம் சும்மா இருங்களேன். வேற ஏதாவது பேசுங்க. ஏழாம் பெட்டி காலைல எப்படிக் கத்துச்சு?"

அவர் திரையைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, உதட்டை மூடி மெல்ல முனகிக் காட்டினார். நடுவில் நிறுத்தி, இல்லை என்பதுபோல் தலையாட்டிவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில் முனகினார். இத்தனை நாள் ஒன்றும் கேட்காதவர் போல இருந்தவர்.

"இடம் பத்தலைங்க அதுங்களுக்கு" என்றாள். "நாளைக்கே மேல இன்னொரு அடுக்கு ஏத்தணும்."

"யாரு ஏத்தறது?"

இரண்டு மணி நேரம் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அவள் அரிப்பில்லாத உள்ளங்கையை விரித்து அவர் பக்கம் நீட்டினாள்.